குடியைக் கேட்பதா, வினையைக் கேட்பதா?

வடக்கனந்தலில் நின்று மேற்கே முகம் திருப்பினால் கல்வராயன் மலை கண்ணை நிறைக்கிறது. அந்த மலையில் பெய்யும் மழை வீணாகக் கூடாது என்று கோமுகி அணை கட்டித் தேக்கினோம், வாய்க்கால் வெட்டினோம், வயலுக்குப் பாய்ச்சினோம். மலையிலிருந்து தண்ணீர் இறங்கிவர வழி செய்த நாம், மலையிலிருந்து மனிதன் இறங்கிவர வழி செய்தோமா? அவன் பள்ளியில் ஏற, கல்லூரியில் ஏற, ஓரளவு செய்தோம். ஆனால் பட்டத்தைக் கையிலேந்தி, வேலை தருவோரின் அறைக் கதவைத் தட்டுகிறானே, அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் தோழர்களே, இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வரும் இளைஞர்களுள் ஒருவர் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். மலையாளிப் பழங்குடியில் பிறந்தவர். வணிகவியலில் பட்டம் பெற்றவர். பேரேட்டைக் கொடுத்தால் பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டக் கூடியவர். சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் கணக்கெழுத்தர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. எழுத்துத் தேர்வில் தேறினார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. புறப்பட்ட அன்று அவர் முகத்தில் இருந்த ஒளியையும், திரும்பி வந்த அன்று அந்த ஒளி இருந்த இடத்தில் குடியேறியிருந்த இருளையும் நான் கண்டேன்.

"என்ன கேட்டார்கள், தம்பி?" என்றேன்.

"எந்த ஊர் என்று கேட்டார்கள், அண்ணா. கல்வராயன் மலை என்றேன். 'ஓ, அந்தச் சாராய மலையா?' என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் சிரித்தார்கள். சான்றிதழில் மலையாளி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, 'கேரளமா? தமிழ் நன்றாகப் பேசுகிறாயே!' என்றார்கள். அப்பா என்ன செய்கிறார், எவ்வளவு நிலம், வீட்டில் வேறு யாராவது படித்திருக்கிறார்களா, திருமணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு போகலாம் என்றார்கள்."

"கணக்கைப் பற்றி?"

"ஒன்றும் கேட்கவில்லை, அண்ணா."

கணக்கெழுத்தர் வேலைக்குச் சென்றவரிடம் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்! தையற்காரனைத் தேடப் போனவன், ஊசியைக் கொடுத்து ஒரு தையல் போடச் சொல்லாமல், உன் பாட்டன் யார் என்று கேட்டுவிட்டு வந்த கதையாக அல்லவா இது இருக்கிறது!

இதைப் படித்த பெரியவர் ஒருவரிடம் கூறி வருந்தினேன். அவர் தமிழறிந்தவர், குறளை வரிசை பிறழாமல் ஒப்பிப்பவர். அவர் சொன்னார்: "இதில் தவறென்ன? ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குடிப்பிறப்பைப் பார் என்று வள்ளுவரே கூறியிருக்கிறாரே! 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை எடுத்துப் பார்."

எடுத்துப் பார்த்தேன். பார்த்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

அதிகாரம் 51 தெரிந்து தெளிதல்; அதிகாரம் 52 தெரிந்து வினையாடல். முன்னது ஆளை ஆராய்ந்து தேர்வது பற்றியது. பின்னது தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது பற்றியது. இருபது குறள்களும் சேர்ந்து, தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பணித்தேர்வு நூல் என்று சொல்லத்தக்கவை. மன்னன் அமைச்சனையும் படைத்தலைவனையும் தேர்ந்த காலத்துக்கு எழுதப்பட்டவை. ஆயினும் இன்றைய மேசைக்கும் நாற்காலிக்கும் பொருந்துமா என்று பார்ப்பது பயனுள்ள ஆராய்ச்சியே. 1949ஆம் ஆண்டு சென்னையில் பெரியார் திருக்குறள் மாநாடு கூட்டிய காலந்தொட்டு, குறளை வணங்காமல் வாசிக்க வேண்டும், ஏற்பதை ஏற்றுத் தள்ளுவதைத் தள்ள வேண்டும் என்பது நமக்குப் பழகிய நெறிதானே!

முதற் குறளை எடுத்துக்கொள்வோம். அறம், பொருள், இன்பம், உயிரைப் பற்றிய அச்சம் என்னும் நான்கிலும் ஒருவன் எப்படி நிற்கிறான் என்று ஆராய்ந்து தேர்க என்கிறது அது. இவ்வளவுதான் வள்ளுவர் சொன்னது. ஆனால் பரிமேலழகர் உரையைப் பாருங்கள். அவர் கௌடலியரின் பொருள்நூல் கூறும் 'உபதை' என்னும் சோதனைகளை இங்கே கொண்டுவந்து இறக்குகிறார். புரோகிதரை விட்டு, அரசன் அறமற்றவன், வேறொருவனை அரசனாக்குவோம் என்று சொல்லச் செய்து மனத்தை அறிவதாம். படைத்தலைவனை விட்டுப் பொருளாசை காட்டுவதாம். தவக்கோலம் பூண்ட முதியவளை விட்டு இன்பத்தின் பெயரால் இழுத்துப் பார்ப்பதாம். அமைச்சனை விட்டு உயிரச்சம் ஊட்டிப் பார்ப்பதாம். ஆராய்க என்று நூல் சொன்னது. பொறி வை என்று உரை சொல்கிறது. நூலுக்கும் உரைக்கும் எவ்வளவு தொலைவு!

அந்தப் பொறி இன்றும் ஒழியவில்லை. வேலை கேட்டு வந்தவரை வேண்டுமென்றே அவமதித்துப் பார்ப்பது, "உன்னை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்?" என்று உறுமிப் பார்ப்பது, விடை சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வது. கேட்டால், மன உறுதியைச் சோதிக்கிறோம் என்பார்கள். பிறந்ததிலிருந்து அதிகாரத்தின் உறுமலையே கேட்டு வளர்ந்தவனுக்கும், அதிகாரத்தை வீட்டுத் திண்ணையிலேயே பார்த்து வளர்ந்தவனுக்கும் இந்தச் சோதனை ஒன்றாகுமா? ஒருவனுக்கு அது விளையாட்டு. மற்றவனுக்கு அது பழைய காயம்.

இரண்டாம் குறளுக்கு வருவோம். பெரியவர் சுட்டிய இடம் இதுதான். நல்ல குடியிற் பிறந்து, குற்றங்களினின்று நீங்கி, பழிக்கு அஞ்சி நாணும் இயல்புடையவனிடத்தே தெளிவு வைக்கலாம் என்பது அதன் கருத்து. ஆம், குடிப்பிறப்பு இங்கே இருக்கிறது. இல்லை என்று மறைக்க மாட்டேன். பொருந்தாத இடத்தைப் பொருந்துவதாகக் காட்ட உரை வளைப்பது புராணிகர் தொழில், பகுத்தறிவாளர் தொழிலன்று.

குடி என்றது சாதியை அன்று, ஒழுக்கம் பேணிய குடும்பத்தை என்று நம்மவர் சிலர் விளக்குவர். அதற்குச் சான்றும் உண்டு. ஒழுக்கமுடைமை அதிகாரத்தில், ஒழுக்கம் உடையவனாய் இருப்பதே குடிமை என்று அந்தச் சொல்லுக்கே வள்ளுவர் புதுப்பொருள் ஊட்டுகிறார். பிறப்பினால் எல்லா உயிரும் ஒன்றே என்று சொன்னவரும் அவரே. எனவே விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டால் என்ன ஆகிறது? ஒழுக்கமே குடிமை என்றால், குடிமையை அறிய ஒருவனுடைய ஒழுக்கத்தைப் பார்க்க வேண்டும். அவன் அப்பனுடைய தொழிலையும், அவன் ஊரின் பெயரையும் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? குடிப்பிறப்பு என்பதைப் பழைய பொருளில் கொண்டால் நாம் அதை ஏற்க முடியாது. புதிய பொருளில் கொண்டால் அது பெரியவரின் வழக்குக்கு உதவாது. எந்தப் பொருளில் கொண்டாலும், "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்குக் குறளில் நிழல் இல்லை!

இதே அதிகாரத்தில் நாம் தள்ள வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. சுற்றம் அற்றவரைத் தேறாதே, அவருக்குப் பற்று இல்லை, பழிக்கு நாண மாட்டார் என்கிறது ஆறாம் குறள். உறவும் பிணைப்பும் உடையவனையே நம்பிய பழங்காலத்தின் குரல் இது. இன்று இதற்கு என்ன பெயர்? பரிந்துரைக் கடிதம்! தெரிந்தவர் யார், சொல்லக் கூடியவர் யார், உன் சார்பில் பேச எவர் வருவார்? மலையிலிருந்து முதன்முதலாகப் படித்து இறங்கியவனுக்கு எவர் வருவார்? முதல் தலைமுறையில் படித்தவன் எவனும் இந்தக் கணக்கில் 'அற்றவன்' தான். இந்தக் குறளை அந்தக் காலத்துக்கே விட்டுவிடுவோம்.

இனி, ஏற்க வேண்டியவற்றைப் பாருங்கள், வியந்து போவீர்கள். அரிய நூல்களைக் கற்றுக் குற்றம் நீங்கியவரிடத்தும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை இல்லாமல் இருப்பது அரிது என்கிறது மூன்றாம் குறள். குறையே இல்லாதவனைத் தேடாதே என்பது பொருள். நான்காவது, குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நாடி, எது மிகுதி என்று நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது; ஒரே ஒரு தடுமாற்றத்தைக் கண்டதும் தூக்கி எறியாதே என்பது பொருள். ஐந்தாவது, ஒருவருடைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவரவர் செய்யும் வினையே உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் என்கிறது. பிறப்பன்று, பேச்சன்று, உடையன்று, ஊரன்று, வினை! இரண்டாம் குறளில் குடியைச் சொன்ன அதே வாய், ஐந்தாம் குறளில் குடியைக் கீழே இறக்கிவிட்டு வினையை மேடையேற்றுகிறது. பொற்கொல்லன் பொன்னை உரைத்துப் பார்க்கிறான். எந்தச் சுரங்கத்துப் பொன் என்று கேட்டுவிட்டு மாற்றைக் குறிப்பதில்லை.

ஏழாம் குறளோ இன்றைய வேலைவாய்ப்பு உலகத்தின் முகத்துக்கு நேரே நீட்டப்பட்ட விரல். அன்பையே பற்றுக்கோடாகக் கொண்டு அறிய வேண்டியதை அறியாதவரைத் தேறினால் எல்லா மடமையும் வரும் என்கிறது. அடுத்த அதிகாரத்தில், அறிந்து செய்து முடிக்கத் தக்கவனையன்றி, இவன் நமக்குச் சிறந்தவன் என்று எண்ணி ஒருவனிடம் வினையை ஏவக் கூடாது என்கிறது. அமெரிக்க நாட்டின் சமூகவியல் அறிஞர் லாரன் ரிவேரா, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறையை நேரில் ஆராய்ந்து, 2015இல் நூலாக எழுதினார். தேர்வாளர்கள் திறமையை மட்டும் பார்க்கவில்லை. தங்களைப் போலவே விளையாடியவரை, தங்களைப் போலவே விடுமுறை கழித்தவரை, பேசிக்கொண்டிருக்க இனிமையானவரைத் தேடினார்கள் என்று காட்டினார். வள்ளுவர் 'காதல்' என்று குறித்ததை அவர் 'பண்பாட்டுப் பொருத்தம்' என்று குறித்தார். பெயர் வேறு, நோய் ஒன்று.

நம் நாட்டில் அந்த நோய்க்குச் சாதி என்று பெயர். 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருடன் ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இசுலாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு! முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தே கதவு மூடிக்கொண்டது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதியில் பெருநிறுவனங்களின் பணியமர்த்தும் அலுவலர்களைக் கண்டு பேசினார்கள். சாதியை நாங்கள் பார்ப்பதே இல்லை, தகுதிதான் எங்கள் அளவுகோல் என்று சொன்ன அவர்களே, குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள்! நல்ல குடும்பத்திலிருந்து வந்தவன் நல்ல பணியாளனாக இருப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. சாதி என்ற சொல் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட்டது; குடும்பம் என்ற சொல்லைப் போர்த்திக்கொண்டு அது உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டது.

நம் மாநிலம் இந்தப் போரில் பழம் களம். 1912ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு மூவராக இருந்த பார்ப்பனரிடம் மாவட்ட முன்சீப் பதவிகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இருந்தன. இந்நிலையை எதிர்த்து எழுந்த நீதிக்கட்சி ஆட்சியில் 1921இலும் 1922இலும் வகுப்புவாரி ஆணைகள் பிறந்தன. 1927இல் எஸ். முத்தையா கொண்டுவந்த ஆணை, பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, இசுலாமியருக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்துவருக்கும் இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று என்று பகிர்ந்தது. 1951இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றது, தமிழகம் கொதித்தது, அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இன்று அரசுப் பணிகளில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நிற்கிறது. பழங்குடியினருக்கு அதில் 1 விழுக்காடு.

வரலாறு பெருமைக்குரியது. ஆனால் அந்த வரலாறு எண்ணியது அலுவலகத்தின் நாற்காலிகளை. நேர்முகத் தேர்வு அறையின் கேள்விகளை அது எண்ணவில்லை. தனியார் நிறுவனங்களின் வாசலோடு இடஒதுக்கீடு நின்றுவிடுகிறது. அரசுத் தேர்விலும், எழுத்துத் தாளில் பெற்ற மதிப்பெண்ணை நேர்முக மதிப்பெண் விழுங்கிவிடக் கூடும்.

விழுங்கியதுண்டா என்று கேட்பீர்கள். நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டுங்கள். முதலில் நம் வீட்டுக் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன். 1970இல் பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில், நம் மாநில மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75ஐ நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கியது மேலோட்டமாகப் பார்த்தாலே மிகுதி என்று உச்சநீதிமன்றம் கருதியது. அன்று ஆண்டது நம் இயக்கம்! பிறர் கோணலைச் சுட்டும் விரல் நம் கோணலையும் சுட்டாவிட்டால், அதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை.

பத்தாண்டுகள் கழித்து, 1980இல், அஜய் ஹாசியா வழக்கு. சிறீநகரில் இருந்த பொறியியற் கல்லூரிச் சேர்க்கை. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒவ்வொருவரோடும் பேசியது இரண்டு மூன்று நிமிடம். கேட்ட கேள்விகள்? பெற்றோர் யார், வீடு எங்கே என்பவையே என்று மாணவர்கள் முறையிட்டனர்! எங்கள் படிப்பகத்து இளைஞருக்கு நேர்ந்தது அன்றே சிறீநகரில் நேர்ந்திருக்கிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்கு ஒதுக்கியது நேர்மையற்றது, 15 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றது நீதிமன்றம். நேர்முகத் தேர்வை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் கூறியது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், அரியானா ஆட்சிப்பணித் தேர்வில் 22.2 விழுக்காடாக இருந்த நேர்முக மதிப்பெண்ணை மிகுதி என்று கண்டு, 12.2 விழுக்காட்டை அளவாகக் காட்டியது. நடுவண் அரசு 2016 முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே நீக்கிவிட்டது. காரணம் என்ன? எழுத்துத் தாளில் கை எழுதுகிறது. யாருடைய கை என்று தாளுக்குத் தெரியாது. நேர்முகத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது!

அப்படியானால் நேர்முகத் தேர்வே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. ஆசிரியரையும், செவிலியரையும், மக்களோடு நாள்தோறும் பேசிப் பணியாற்ற வேண்டியவரையும் நேரில் காண்பதில் நியாயமுண்டு. எழுத்துத் தேர்வு மட்டும் நடுநிலைத் தெய்வமன்று. பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கு அதுவும் சற்றே சாய்ந்துதான் நிற்கிறது. எனவே கேட்க வேண்டியது, நேரில் காணலாமா என்பதன்று. கண்டு எதைக் கேட்பது, எப்படி மதிப்பிடுவது என்பதே.

இதற்கு அறிவியல் விடை தந்திருக்கிறது. மனம்போன போக்கில் பேசிப் பார்த்து ஆளெடுக்கும் முறையைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்விகளை வகுத்துக்கொண்டு, விடைகளுக்கு முன்னரே அளவுகோல் அமைத்து நடத்தும் முறையே பிற்காலப் பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பதை 1998இல் ஷ்மிட்டும் ஹண்டரும் நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். 2022இல் சாக்கெட்டும் உடனாய்வாளரும் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதியபோதும், வகுத்தமைத்த நேர்முகத் தேர்வே வரிசையின் தலையில் நின்றது. நேர்மையான முறையே திறமையானவரையும் கண்டுபிடிக்கும் முறை! நீதியைச் செய்தால் தரம் கெடும் என்று கூவுவோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆகவே, தேர்வாளர் நாற்காலியில் அமர்வோருக்குச் சில நெறிகள்.

வேலை என்ன, அதற்கு வேண்டிய திறன்கள் எவை என்று முதலில் தாளில் எழுதுங்கள். அந்தத் திறனை அளக்காத கேள்வி எதுவானாலும், எவ்வளவு சுவையானதாயினும், அடித்துவிடுங்கள். தந்தையின் தொழில், தெரு, உணவு, திருமணம், கோயில், குலம் ஆகிய ஆறும் இந்த அடியில் மறையும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு விடைக்கும் அப்போதே, தனித்தனியே மதிப்பெண் இடுங்கள். குழுவின் மூத்தவர் வாய் திறந்த பிறகு மற்றவர் எண் மாறக் கூடாது. இயன்ற இடங்களில் வினையையே செய்யச் சொல்லிப் பாருங்கள்: கணக்கெழுத்தருக்குப் பிழையுள்ள பேரேடு, ஆசிரியருக்குப் பத்து நிமிடப் பாடம், தச்சருக்கு ஒரு துண்டு மரம். அதுவே வள்ளுவரின் கட்டளைக்கல்.

பணிக்கு ஆங்கிலம் வேண்டாதபோது ஆங்கிலத்தில் கேட்காதீர்கள். வேண்டுமென்றால், எவ்வளவு வேண்டும் என்று வரையறுத்து அதை மட்டும் அளந்து பாருங்கள். மலைத்தமிழையும் மாநகரத் தமிழையும் தராசில் வைத்து ஏற்றத்தாழ்வு காணாதீர்கள். மூத்தோர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை என்று வளர்க்கப்பட்டவன் கண்ணைத் தாழ்த்தினால், தன்னம்பிக்கை இல்லாதவன் என்று எழுதாதீர்கள். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தவன் அடிமையல்லன். அந்த நாற்காலியில் அவன் குடும்பத்தார் எவரும் இதற்குமுன் அமர்ந்ததில்லை. தன் வெற்றியைத் தானே பாடிக்கொள்வதை நாணத்தக்கதாகக் கருதும் வீட்டில் வளர்ந்த பெண், "நாங்கள் செய்தோம்" என்று பன்மையில் சொன்னால், "அதில் உங்கள் பங்கு எது, அம்மா?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள், மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அனுப்பாதீர்கள். எந்த வகைக் கேள்விகள் வரும், எவ்வளவு நேரம், யார் கேட்பார்கள் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பழக்கப்பட்டவனுக்கு மட்டும் தெரிந்திருக்கும் மறைநூலாக அது இருக்கலாகாது. தேர்வுக் குழு ஒரே கூட்டிலிருந்து வந்த பறவைகளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளப்பட்டவர் கேட்டால் காரணம் காட்டத்தக்க குறிப்பை வைத்திருங்கள்.

இங்கே ஒரு தடை எழும். "சாதியைப் பார்க்காதே என்கிறாய்; இடஒதுக்கீடு கேட்கும்போது சாதியைப் பார் என்கிறாய்; இது முரண் அல்லவா?" முரண் இல்லை. சாதிச் சான்றிதழ் இடப்பங்கீட்டைச் சரிபார்க்கும் அலுவலருக்கு. மதிப்பெண் இடும் குழுவுக்கு அன்று. பங்கு கணக்கிடும் மேசை வேறு. திறன் அளக்கும் மேசை வேறு. முன்னதில் மறைத்தால் உரிமை போகும். பின்னதில் திறந்தால் நீதி போகும்.

இனி மீண்டும் மலைக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7 இலட்சத்து 95 ஆயிரம் பேர். அவர்களுள் மிகுந்த தொகையினர் மலையாளிகள். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாக அவர்கள் மரபு கூறுகிறது. அவர்களைக் கேரளத்தாரா என்று கேட்பவன், தன் மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடியின் பெயரையே அறியாதவன். அறியாமையில் இருப்பவன் மதிப்பெண் போடுகிறான். அறிந்தவன் கைகட்டி நிற்கிறான்!

இந்தக் கல்வராயன் மலை நாடு விடுதலை பெற்ற பின்னும் 1976 வரை சாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. நாட்டில் குடியரசு நடந்தபோது, இங்கே பழைய ஆட்சி நடந்தது. பள்ளியும் சாலையும் மருத்துவமும் மற்ற ஊர்களுக்குப் போன பிறகு இங்கே வந்தன. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. வறுமையும் வேலையின்மையும் எங்கே கொண்டு நிறுத்தும் என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் செய்தியிலிருந்து சென்னை அலுவலகத்தின் தேர்வாளர் எடுத்துக்கொண்டது என்ன? ஓர் ஏளனப் பெயர்! சாராயத்தை விட்டு வெளியேறப் படிப்பைப் பற்றிக்கொண்டு வந்தவன் முகத்தில் அதே சாராயத்தை வீசி எறிகிறார்கள். நேர்மையான வேலைக்கு வருகிறவனைத் திருப்பி அனுப்பினால் அவன் எங்கே போவான் என்று எண்ணிப் பார்த்தார்களா?

நேர்முகத் தேர்வு சிறு நிகழ்ச்சி, எட்டு நிமிடம். ஆனால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உழைப்பு அந்த எட்டு நிமிடத்தின் வாசலில் வந்து நிற்கிறது. தாய் சுமந்த விறகும், தந்தை விதைத்த சாமையும், அண்ணன் பாதியில் விட்ட படிப்பும் அந்தச் சான்றிதழ் உறையில் இருக்கின்றன. அந்த எட்டு நிமிடத்தை அவன் திறமையைப் பற்றிப் பேசச் செலவிடுங்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே, உங்களுள் பலர் இன்று மேசைக்கு இப்பால் நிற்கிறீர்கள். நாளை மேசைக்கு அப்பால் அமரப் போகிறீர்கள். பகுத்தறிவு மேடையில் முழங்கியவர் தேர்வாளர் நாற்காலியில் அமர்ந்ததும், "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று இழுத்துப் பேசத் தொடங்கிவிட்டால், கற்றதெல்லாம் காற்றில் போனதாகும். அன்று இந்தக் கட்டுரை நினைவுக்கு வரட்டும்.

எங்கள் படிப்பகத்து இளைஞர் சோர்ந்துவிடவில்லை. மாலைதோறும் வருகிறார். பேரேட்டை விரிக்கிறார். தம்மினும் இளைய பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். அடுத்த திங்கள் இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. "இந்த முறையாவது கணக்கு கேட்பார்களா, அண்ணா?" என்று என்னிடம் கேட்டார்.

விடை சொல்ல வேண்டியவன் நான் அல்லன். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் சொல்லட்டும்.